பெண் குழந்தைக்கு நிலா என்று பொருள் வரும் பெயர் வேண்டும்: இணையப் பட்டியல்களை நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கோபி பக்கம் ஊர், பெண் குழந்தை பிறந்து பத்து நாள். பெயரில் நிலா இருக்க வேண்டும், தமிழானாலும் சரி, வேறு நாட்டுப் பெயரானாலும் சரி. இணையத்தில் எடுத்த பட்டியலில் எக்கச்சக்கமாகப் பெயர் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

முதலில் பட்டியலைக் களையெடுங்க. நிலாவுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்கள் அதில் நிறைய ஏறியிருக்கும்.

நிஷா என்றால் இரவு. நிஷாந்த் என்றால் இரவின் முடிவு, அதாவது நிலா மங்கிப்போகும் விடியல். ரஜனியும் இரவுதான். ரஜனிகாந்த் என்றால் இரவின் கணவன், அதுதான் நிலா. ஆக ஒரே வீட்டில் காந்த் நிலாவாக இருக்க, ரஜனி இருட்டாகவே நிற்கும். நீலேஷ், நீலா இரண்டும் நீல நிறத்தில் பிறந்தவை. நிலோஃபர் பாரசீகத்தில் அல்லிப்பூ. பர்வீன் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். இந்திரா லட்சுமியின் பெயர், இந்துவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. செலின் என்பது வானம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிலாவுக்கு உரியது கிரேக்கத்துச் செலீனி, அதிலிருந்து வந்த செலினா.

ஆயிஷா எப்படி உள்ளே வந்தது என்பது வேடிக்கை. துருக்கி மொழியில் 'அய்' என்றால் நிலா. ஆயிஷாவைத் துருக்கியர் அய்ஷே என்பார்கள். அய் என்று தொடங்குகிறதே என்று யாரோ நிலாக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆயிஷா அரபுப் பெயர், வாழ்பவள் என்று பொருள். நல்ல பெயர்தான், ஆனால் நிலா இல்லை.

இனி மிஞ்சுவதில் நாலு விதம் இருக்கும்: நிலாவேயானது, நிலவொளி, நிலாவைச் சூடியவர், நிலாத் தெய்வத்தை ஒட்டி வந்தது. உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

கொங்குப் பெரியவர்களின் பெயர்களில் மூன்றாவது விதம்தான் அதிகம். சந்திரசேகரன், சந்திரமௌலி, பிறைசூடன் எல்லாம் பிறையைத் தலையில் வைத்த சிவன். அப்பாரு பெயர் சந்திரசேகரன் என்றால், பேத்திக்கு இளம்பிறை என்று வைப்பது அவர் பெயரைத் தமிழில் தொடர்வது மாதிரிதான். பெரியவர்களிடம் பேச்சு எடுக்க இது உதவும். பெருந்துறை வட்டாரத்திலேயே திங்களூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. விஜயமங்கலத்தில் இருக்கும் பழைய சமணக் கோயில் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்கு உரியது, அவருடைய சின்னம் பிறை. சந்திரபிரபா என்றால் நிலவின் ஒளி. அப்படிப் பார்த்தால் அதுவும் உள்ளூர்ப் பெயர்தான்.

தமிழில் நிலாவேயான பெயர்கள்: நிலா, திங்கள், அம்புலி, பிறை, மதி. இதில் மதியிடம்தான் கவனம் வேண்டும். தமிழில் மதி நிலா, வடமொழியில் மதி அறிவு. எப்படிப் பிரிப்பது? முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்க. வளர்மதி, வான்மதி, வெண்மதி, இளமதி, முழுமதி, தேன்மதி என்றால் சந்தேகமில்லாமல் நிலா, ஏனென்றால் அறிவு வெண்மையாகவோ முழு வட்டமாகவோ இருக்காது. ஞானமதி, அறிவுமதி என்றால் அறிவின் பக்கம் சாயும். மதியழகி இரண்டுக்கும் ஆடும். இந்துமதியைத் தமிழ் மதியோடு சேர்த்துவிடாதீர்கள். அது 'இந்து' என்ற நிலாவுக்கு வடமொழிப் பெண்பால் ஈறு சேர்ந்து வந்தது, முழுநிலா இரவு என்று பொருள். தமிழ் எழுத்தில் இந்து என்று தனியாக எழுதினால் மதத்தின் பெயராகவும் படிக்கப்படும். அதனால் தனி இந்துவை விட இந்துமதி, இந்துலேகா தெளிவு. (இந்துலேகா தலைக்கு எண்ணெய், சந்திரிகா குளிக்கச் சோப்பு, வெண்ணிலா ஐஸ்கிரீம். மூன்றும் நல்ல பெயர்கள், மூன்றுக்கும் பள்ளிக்கூடத்தில் கிண்டல் உண்டு.)

வடமொழிப் பெயர்களில் எனக்குப் பிடித்தது சசி. சசம் என்றால் முயல், சசி என்றால் முயலை உடையது. நாம் வடை சுடும் பாட்டியைப் பார்க்கும் அதே கறையை அவர்கள் முயலாகப் பார்த்தார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் அது முயல்தான். மிருகாங்கன், அதிலிருந்து வந்த வடக்கத்தி மயங்க், இரண்டுக்கும் அது மான். சசிகலாவில் வரும் கலை, நிலாவைப் பதினாறு பங்காக்கினால் ஒரு பங்கு, அதாவது கீற்றுப் பிறை. ராகா முழுநிலா நாள், அதன் தலைவன் ராகேஷ். கௌமுதி, ஜோத்ஸ்னா, சந்திரிகா மூன்றும் நிலவொளி.

அக்கம்பக்கத்து மொழிகளையும் விட்டுவிடாதீர்கள், கொங்கில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். தெலுங்கில் வென்னெல நிலவொளி, ஜாபிலி நிலா. மலையாளத்தில் அம்பிளி, நம் அம்புலியின் உடன்பிறப்பு. பாலக்காட்டுக்குப் போக்குவரத்து உள்ள வீடென்றால் இரண்டு எச்சரிக்கை. மலையாளத்தில் மதி என்றால் 'போதும்'. போதும்பொண்ணு என்று பெயர் வைத்த நாடு நம்முடையது, அதனால் இதை மேற்கே யாராவது வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் ஆச்சரியப்பட முடியாது. இன்னொன்று நிளா. ஆழியாற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் பாரதப்புழைக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் நிலாவும் நிளாவும் ஒன்றாகிவிடும். நிளா ஆறு, நிலா நிலவு.

வெளிநாட்டுப் பெயர்களில், பொருளும் சரியாக இருந்து நம் வாயிலும் நிற்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

அரபில் கமர் நிலா, ஹிலால் பிறை, பத்ர் முழுநிலா. கமருதீன், பத்ருதீன் என்று நம் ஊரிலேயே கேட்டிருப்பீர்கள். பாரசீகத்தில் 'மாஹ்' நிலா. மஹ்தாப் நிலவொளி, மஹ்நூர் நிலவின் ஒளி, மஹ்சா நிலவைப் போன்றவள். துருக்கியில் அய்லா நிலாவைச் சுற்றிய ஒளிவட்டம். "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்போமே, அந்தக் கோட்டைதான். கசாக்கில் அய்குல் நிலாப்பூ, அய்சுலு நிலவழகி. ஆர்மீனியாவில் லூசினே. எபிரேயத்தில் லெவானா. அதன் வேர் வெள்ளை என்ற சொல், கிட்டத்தட்ட நம் வெண்மதி. மங்கோலியாவில் சரன்கெரெல் நிலவொளி, கூப்பிடத்தான் மூச்சு வாங்கும். ஹவாய்த் தீவில் மஹினா நிலா. ஆனால் இந்தி தெரிந்தவர்கள் காதில் அது மாதம் என்று விழும்.

அந்த மாதக் குழப்பத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. திங்கள் என்ற ஒரே சொல் நமக்கு நிலா, மாதம், வாரத்தின் ஒரு நாள். துருக்கியின் அய், மலாயின் புலான், பாரசீகத்தின் மாஹ் எல்லாம் நிலாவும் மாதமும்தான். திபெத்தியரிடம் தாவா நிலாவும் திங்கட்கிழமையும். ஷெர்ப்பாக்கள் திங்கட்கிழமை பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, அந்தப் பெயரை வைப்பார்கள். ஜப்பானின் சாட்சுகி நிலாப் பட்டியலில் வரும், ஆனால் அது ஐந்தாம் மாதத்தின் பழைய பெயர்.

ஜப்பான், சீனப் பெயர்களில் வேறொரு சிக்கல். பொருள் ஒலியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. மிஸுகி என்பதை 'அழகு', 'நிலா' என்ற இரண்டு எழுத்தால் எழுதினால்தான் அழகிய நிலா. நிலா எழுத்தே இல்லாமலும் மிஸுகி என்று எழுதலாம். சீனத்து யுவே அப்படியே, எழுத்து மாறினால் பொருள் மாறும். தமிழில் எழுதும்போது அந்த எழுத்து போய்விடும், நம்மிடம் வெறும் ஓசைதான் மிஞ்சும். அதனால் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லத்தீனின் லூனா நேரடியாக நிலா. வீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் முதலில் கைனெடிக் லூனா மொபெட்தான் ஞாபகம் வரும், "வண்டிப் பேரா வெச்சீங்க?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். சிந்தியா, டயானா, ஃபீபி மூன்றும் நாலாவது விதம், நிலாத் தெய்வத்தை ஒட்டி வந்தவை. சிந்தியா கிரேக்கத்தில் டீலோஸ் தீவின் கிந்தோஸ் மலையைச் சேர்ந்தவள், அங்கே பிறந்த பெண் தெய்வம் ஆர்ட்டெமிஸின் அடைமொழி. அந்தத் தெய்வத்தைப் பிற்காலத்தில் நிலாவோடு சேர்த்ததால் பெயரும் சேர்ந்தது. நேர்ப்பொருள் கேட்டால் மலைக்காரி.

நிலா பெண் பெயர் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் நம் சந்திரன் 27 நட்சத்திரங்களை மணந்த ஆண், அதில் ரோகிணிக்குத்தான் சலுகை. அரபு இலக்கணத்திலும் கமர் ஆண்பால். கிரேக்க, லத்தீன் பக்கம் பெண் தெய்வம். அதனால் வெளிநாட்டுப் பெயரை எடுக்கும்போது அங்கே அதை யாருக்கு வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்ர், ஹிலால் பெரும்பாலும் பையன்களுக்கு.

நட்சத்திர எழுத்து பார்ப்பீர்கள் என்றால், வழக்கமான பஞ்சாங்க வரிசைப்படி இப்படி அமையும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ: அம்புலி, இளம்பிறை, இந்துமதி. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு: வான்மதி, வளர்மதி. வெண்ணிலாவும் வெண்மதியும் ரோகிணி இல்லை, 'வே' மிருகசீரிடத்தில் இருக்கிறது. மகத்துக்கு ம, மி, மு, மே: மதி, முழுமதி, மஹ்நூர். சித்திரையில் 'ரா' இருப்பதால் ராகா. விசாகத்துக்கு தி, து, தே, தோ: திங்கள், தேன்மதி. அனுஷத்துக்கு ந, நி, நு, நே: நிலா. பரணிக்கு லி, லு, லே, லோ: லூனா, லெவானா. அஸ்தத்தில் 'பூ' இருப்பதால் பூர்ணிமா. ரேவதியில் 'ச' இருப்பதால் சந்திரிகா.

இங்கே தப்பு நடப்பது தமிழ் எழுத்தால். பஞ்சாங்கத்தில் ச வேறு, ஸ வேறு. ச ரேவதியில் வரும், ஸ சதயத்தில் வரும். விசாகத்தின் 'தி' வல்லொலி, பூரட்டாதியின் 'தி' மெல்ல ஒலிக்கும் தி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அதனால் சொல்லித்தான் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஓரெழுத்து மாறுவதும் உண்டு. உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பார்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், மூன்றை வாங்கி ஒப்பிட ஆரம்பித்தால் குழந்தை நடக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது நாக்குச் சோதனை. அமுச்சியையும் அப்பத்தாவையும் விட்டு, வாசலில் நின்று தோட்டத்தில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கள். நீட்டிக் கூப்பிடக் கடைசியில் நெடில் இருந்தால் நல்லது. 'நிலாஆ', 'வெண்ணிலாஆ' காடு முழுக்கக் கேட்கும். ஜோத்ஸ்னா மூன்றாம் தரம் 'சோசனா' ஆகியிருக்கும், பத்ர் 'பத்துரு' ஆகியிருக்கும். தமிழில் சேர்ந்து வராத மெய்யெழுத்துகள் ஒட்டி நிற்கும் பெயருக்கெல்லாம் இதுதான் கதி, நம் நாக்கு நடுவில் ஓர் உயிரைச் சொருகிவிடும். தப்பு பாட்டியுடையது இல்லை. மாறிய ஓசை உங்களுக்குப் பிடித்திருந்தால் வைக்கலாம், இல்லையென்றால் வேறு பாருங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் அப்போதே வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதனால் பத்து நாளில் அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒரு தரம் ஏறிய பெயரை 'பிடிக்கவில்லை, மாற்றுங்கள்' என்று பதிவேட்டில் மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துப் பிழைத் திருத்தம்தான் உண்டு, வேறு பெயர் வேண்டுமென்றால் அரசிதழில் விளம்பரம் செய்ய வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் விழும் எழுத்துதான் ஆயுளுக்கும்.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். நிலாவுக்கு ஆங்கிலத்தில் 'ஐ' ஒன்று போதும், 'ஈ' இரண்டு போட்டால் நீலா ஆகிவிடும். எண்கணிதம் என்று சொல்லி நடுவில் ஒரு 'எச்' சேர்த்தால், பிற்பாடு வங்கியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று அலைய வேண்டியிருக்கும். வெண்ணிலாவுக்கு இரண்டு 'என்' கட்டாயம், ஒன்று குறைந்தால் ஐஸ்கிரீம் பக்கம் போய்விடும். மதியழகி, நிலவழகி மாதிரி 'ழ' உள்ள பெயரை 'இசட் எச்' போட்டு எழுதினால், தமிழ் தெரியாத ஊரில் 'மதியஸகி' என்று கூப்பிடுவார்கள். அதையும் இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.