முல்லைத்தீவு மாவட்டத்தில் போரைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு முல்லைத்தீவு மாவட்டத்தில் அரச நியமனம் கிடைத்திருக்கிறது. இறுதிப் போர் நடந்த இடம் என்பதைத் தவிர அந்த மாவட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அங்கே சனங்கள் எதைச் செய்து வாழ்கிறார்கள், என்ன பண்பாடு?

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதல் நியமனத்தில் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடிதம் வந்த அன்று அம்மா அழுதிருப்பார். "அங்கையோ போட்டவங்கள்?" என்று அயலில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். அந்த "அங்கையோ" என்ற சொல்லை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

போரை மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நான் பத்திரிகையில் படித்து அறியவில்லை. மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம் என்று அந்த மணலில் நடந்தே வந்தவள். அதை எழுத இது இடமில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயர்களை உலகம் கேட்டது அந்தச் சில மாதங்கள்தான். அதற்கு முன்னும் அங்கே கரைவலை இழுத்தார்கள், கச்சான் போட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். இப்போதும் அதையெல்லாம் செய்கிறார்கள்.

வரலாறு என்றால் எங்கள் பிள்ளைகள் முதலில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத்தான் சொல்வார்கள். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் வெள்ளையர் இருந்த கோட்டையை அடித்துப் பிடித்தவன். அதே வருடம் ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வெள்ளையரின் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக ஒரு கல்லில் எழுதி நட்டார்கள். வென்றவர்களின் பெருமைக்கு நட்ட கல் அது. அதையே நாங்கள் எங்கள் மன்னனின் நினைவுக்கல்லாக மதித்து வந்தோம்.

மாவட்டம் என்ற பெயரில் முல்லைத்தீவு தனியாக வந்தது 1978இல். அதற்கு முன் எங்கள் பகுதி வவுனியா மாவட்டத்தோடு இருந்தது. இது சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். நான் பிறந்தது 1974. என் பிறப்புச் சான்றிதழில் வவுனியா மாவட்டம் என்றுதான் இருக்கிறது. போர் முடிந்து, இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்து மீள்குடியேற்றப் பதிவுக்குப் போனபோது ஓர் அலுவலகத்தில், "நீங்கள் வவுனியாவில் பிறந்தவர், இங்கே ஏன் பதிகிறீர்கள்?" என்று என் கடதாசிகளைத் திருப்பித் தள்ளினார்கள். முள்ளியவளையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பிள்ளை பெற்றவளிடம் கேட்ட கேள்வி அது. கிராம சேவையாளரின் கடிதம், பழைய பாடசாலைப் பதிவு என்று மூன்று நாள் அலைந்தேன். நீங்கள் கதிரையில் உட்காரப் போகிறவர். எங்கள் வயதில் ஒருவர் வவுனியா என்று எழுதிய சான்றிதழோடு வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

பரப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தைவிட இரண்டரை மடங்கு பெரியது இது. 2012 குடிசன மதிப்பீட்டில் இங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர்தான். மீதி காடும் குளமும் களப்பும். உள்ளே போனால் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று பெரிய குளங்கள். அவற்றின் கீழ் மாரியில் காலபோக நெல்லும், தண்ணீர் இருந்தால் கோடையில் சிறுபோகமும். மேட்டு மணலில் கச்சான். கரைக்கு வந்தால் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று களப்புகள், அப்புறம் பெருங்கடல். வயல்காரர் வேறு, கடல்காரர் வேறு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அது ஒரே சமையலறையில் இருந்தது.

ஐயாவுக்கு வற்றாப்பளைப் பக்கம், நந்திக்கடல் ஓரமாக வயல். அம்மாவின் தம்பி நந்திக்கடலில் வீச்சுவலை வீசுகிறவர். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் வட்டுவாகலில் ஒரு மண் திட்டு இருக்கிறது. கோடையில் அது அடைத்துக்கொள்ளும். மாரியில் மழைத்தண்ணீர் எல்லாம் களப்புக்குள் வந்து நிரம்பும்போது அந்தத் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடவேண்டும். முகத்துவாரம் வெட்டுதல் என்பது அதுதான். என்றைக்கு வெட்டுவது என்பதில்தான் சண்டை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் மழை விடவே இல்லை. ஐயா மாமாவைக் கூப்பிட்டு, "மச்சான், நெல்லு தலை தெரியாமல் தண்ணிக்குள்ளை கிடக்குது. இன்னும் ரெண்டு நாள் போனா அழுகிடும், வெட்டச் சொல்லு" என்றார்.

மாமா அசையவில்லை. "அத்தான், கடல் இரைஞ்சுகொண்டு நிக்குது. இப்ப வெட்டினா அலை மண்ணைக் கொண்டுவந்து திரும்ப அடைச்சுப் போடும். களப்புத் தண்ணியும் போய், கடலாலை இறால் குஞ்சும் வராட்டி தையிலை நாங்கள் எதைப் பிடிக்கிறது?"

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை. தண்ணீர் நின்றால் வயல் சாகும். அவசரப்பட்டு விட்டால் களப்பு வெறுமையாகும். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. அம்மா இரண்டு பக்கத்துக்கும் சோறு கட்டி அனுப்பிக்கொண்டு நடுவில் நின்றார். நாலாம் நாள் பின்னேரம் மாமா வந்து படலையில் நின்று, "காத்து மாறியிட்டுது அத்தான், மண்வெட்டியை எடுங்கோ" என்றார். அரிக்கன் லாம்போடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் ஒரு முழம் அகலத்துக்குத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். பிறகு தண்ணீரே தன் வழியை அறுத்துக்கொண்டது. விடியும்போது அது ஒரு ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஐயாவின் வயலில் பாதிதான் தப்பியது. தை மாதம் மாமா பறி நிறைய இறாலோடு வந்தார். சூடு அடித்த பிறகு ஐயா இரண்டு மூட்டை நெல்லை மாமா வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். கணக்கு யாரும் எழுதவில்லை.

எங்கள் பொருளாதாரம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். படித்தவர்கள் வேறு விதமாக விளக்கலாம், நான் மறுக்கவில்லை. எல்லா ஊரிலும் இப்படி ஒற்றுமை என்றும் சொல்லவில்லை; முகத்துவாரத்துக்காக இன்றும் விவசாயிகளும் மீனவர்களும் மாவட்டச் செயலகக் கூட்டங்களில் முறைப்பட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மேலே இந்திய இழுவைமடிப் படகுகள், வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிறவர்கள். இரவில் கடல் ஒரு பட்டணம் மாதிரி மின்னும், காலையில் எங்கள் பெடியளின் வலையில் ஒன்றும் இருக்காது. ஏழை மாவட்டம் என்று எங்களை எழுதுகிறவர்கள் அந்தக் காலையில் ஒரு தடவை கரையில் வந்து நிற்கவேண்டும்.

பண்பாடு கேட்டீர்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கட்டாயம் லீவு போட்டுவிட்டு வாருங்கள். பொங்கலுக்கு ஒரு கிழமை முந்திய திங்கள், கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு ஏற்றுவார்கள், அது எரியும். அடுத்த ஞாயிறு விநாயகருக்குப் பொங்கல், திங்கள் அம்மனுக்கு. உப்புத் தண்ணீரில் எப்படி விளக்கு எரியும் என்று என்னோடு வாதாட வேண்டாம். நான் சின்னவளாக அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், முகாமிலிருந்து வந்த பிறகும் பார்த்தேன். எனக்கு அது போதும். கடலின் தண்ணீரும் வயலின் அரிசியும் அந்த ஒரு கோயிலில் சேருகின்றன. முள்ளியவளைக்காரர் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடுவதும் அந்த அம்மனின் கதைதான்.

ஒரு வேண்டுகோள். இங்கே வருகிற உத்தியோகத்தர் பலர் வெள்ளி மத்தியானம் பஸ் ஏறினால் திங்கள் பத்து மணிக்குத்தான் திரும்புவார்கள். வந்த முதல் மாதமே இடமாற்றத்துக்கு எழுதுவார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, எனக்குத் தெரியும். என் மகளின் கணித ஆசிரியர் மட்டும் இரண்டு வருடத்தில் நாலு தடவை மாறினார். நீங்கள் ஒரு மாரியாவது இருங்கள்.

மழை விட்ட ஒரு பின்னேரம் வட்டுவாகல் பாலத்தடியில் இறங்குங்கள். வலையோடு நிற்கிறவரிடம், "முகத்துவாரம் வெட்டியாச்சோ அண்ணை?" என்று கேளுங்கள். கடைசி பஸ் போகும் வரை கதைப்பார்.