அம்மாவின் ஈபிஎஃப் கணக்கு

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. 30 வருடமாகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வேலையை விட்டால் என்ன கிடைக்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. "கடைசியில உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று இரவில் தூங்காமல் கிடக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, பொகவந்தலாவை, இலங்கை

பதில்: சகோதரி, எவ்வளவு வரும் என்று தெரியாததுதான் அம்மாவை அதிகம் வாட்டுகிறது. கணக்கைப் போட்டுக் கையில் கொடுங்கள். பாதிப் பாரம் இறங்கும்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேறு, சர்வீஸ் காசு (வேலையை விடும்போது தோட்டம் தரும் பணிக்கொடை) வேறு. உதாரணத்துக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 20 பேர் (20 நாள் வேலை) என்று வைத்தால் சம்பளம் 27,000. அதில் 8 வீதம், 2,160 ரூபா, அம்மாவிடம் வெட்டுவார்கள். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 3,240 ரூபா சேர்க்க வேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 3 வீதம், 810 ரூபா. அதையும் தோட்டமே கட்ட வேண்டும், சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. சர்வீஸ் காசு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாட்சம்பளம்: 14 × 1,350 × 30 = 567,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

பெண்கள் 50 வயதைத் தாண்டி வேலையை விட்டால் ஈபிஎஃப் எடுக்கலாம். ஆனால் தோட்டப்புறத்தில் பணம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) 'மாரியாய்', அடையாள அட்டையில் 'மாரியம்மாள்', பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும். வேலையை விட்ட பிறகு திருத்த அலைவது பெரும்பாடு. அம்மா செக்ரோலில் இருக்கும்போதே தோட்ட ஒபிசில் அங்கத்துவ இலக்கத்தையும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, திருத்தத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அடுத்தது, சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். மத்திய வங்கியின் கணக்குக் கூற்றோடு மாதவாரியாக வைத்துப் பாருங்கள். வெட்டிய காசு கட்டப்படாத மாதங்கள் அப்போதுதான் தெரியும். விடுபட்டிருந்தால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். வழக்குப் போடுவது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு, உங்கள் செலவு அல்ல. அம்மாவுக்குப் பிறகு பணத்தைப் பெறும் நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். இறந்துபோனவர் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒன்று மட்டும் உரிமையோடு சொல்கிறோம். ஈபிஎஃப் மாதாமாதம் வரும் பென்சன் அல்ல, மொத்தமாக ஒரே தடவை வருவது. கல்யாணம், கடன், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) கூரை என்று ஆறு மாதத்தில் கரைந்துபோன வீடுகள் நிறைய. மாதவட்டி தரும் நிலையான வைப்பில் ஒரு பங்கை அம்மா பெயரிலேயே போடுங்கள். மாதம் ஒரு தொகை தன் கைக்கு வந்தால், மருந்துக்கும் பேரப்பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கவும் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: கல்யாணமாகி வேலையை விடும் தங்கை ஈபிஎஃப் எடுக்கலாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: எடுக்கலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் நாளைக்கு கார்மெண்ட்டில் சேரும் எண்ணம் இருந்தால் தொடாமல் விடுவது நல்லது. பழைய ஈபிஎஃப் இலக்கத்தை எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.