வோல்கா கரையில் இரண்டு சமூகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். சென்ற மாதம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் அடித்துச் சொன்னார். "ஜெர்மன்காரன் எந்த நாட்டில் குடியேறினாலும் முன்னுக்கு வந்துவிடுவான். மங்கோலிய வம்சாவளிக்காரன் எங்கே போனாலும் இருந்த இடத்திலேயே இருப்பான். எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது." எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துப் பேசக் கையில் ஒன்றும் இல்லை. இந்த இரண்டு வம்சாவளியினரும் ஒரே நாட்டில் குடியேறி வாழ்ந்த இடம் உண்டா? அங்கே செல்வத்திலும் படிப்பிலும் சமூக நிலையிலும் யார் எப்படி ஆனார்கள்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உண்டு. ஒரே நாட்டில், ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தார்கள். ரஷ்யாவின் தெற்கே வோல்கா நதி காஸ்பியன் கடலை நோக்கி இறங்கும் புல்வெளிப் பகுதி அது. பல வருடங்களாக நான் விடாமல் படித்துவரும் விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் வந்தவர்கள் மங்கோலியர்கள். மேற்கு மங்கோலியரான ஒய்ராத்துகளில் தோர்குத் என்ற பிரிவினர் மேய்ச்சல் நிலம் தேடி மந்தைகளோடு மேற்கே நகர்ந்து 1630 வாக்கில் வோல்காவை அடைந்தார்கள். இவர்களுக்குக் கல்மீக்கியர் என்ற பெயர் நிலைத்தது. பௌத்தர்கள். ஐரோப்பிய மண்ணில் பௌத்தத்தை வழிவழியாகப் பின்பற்றும் ஒரே இனம் இவர்கள்தான். 1724-ல் இறந்த ஆயுகா கானின் காலத்தில் ரஷ்யாவின் தெற்கு எல்லைக்கு இவர்களுடைய குதிரைப்படை பெரிய பலமாக இருந்தது.

ஜெர்மானியர்கள் வந்தது நூறு வருடத்துக்கு மேல் கழித்து. பேரரசி இரண்டாம் காதரின் 1763-ல் வெளிநாட்டவரைக் குடியேற அழைத்தார். முப்பது வருட வரிவிலக்கு, படையில் சேரவேண்டிய கட்டாயம் இல்லை, மதச் சுதந்திரம், குடும்பத்துக்கு 30 தெசியாதீனா நிலம். நம் கணக்கில் சுமார் 80 ஏக்கர். ஏழாண்டுப் போரில் நொந்துபோயிருந்த ஜெர்மன் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 30,000 பேர் கிளம்பினார்கள். சரத்தோவ் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் எழுந்தன. ஆனால் வந்தவர்களில் பலர் நெசவாளிகள், சிறு கைத்தொழிலாளிகள், வேலையிழந்த சிப்பாய்கள். ஏர் பிடித்தே அறியாதவர்கள். ஆரம்ப வருடங்கள் பஞ்சப்பாட்டிலேயே கழிந்தன.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைக்கும் ஊர் ஒன்று உண்டு. சரேப்தா. இன்றைய வோல்கோகிராட் நகரத்தின் தெற்கு மூலையில் இருக்கிறது. ஹெர்ன்ஹூத் சகோதர சபை என்ற ஜெர்மன் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் 1765-ல் கல்மீக்கியரிடையே மதப்பணி செய்யும் நோக்கத்தோடு அமைத்த ஊர். அதே சபையினர் ஐந்து வருடத்துக்கு முன்புதான் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கியிருந்தார்கள். பெயர் பைபிளிலிருந்து வந்தது. பானையில் மாவும் கலயத்தில் எண்ணெயும் குறையாத விதவையின் ஊரான சாறிபாத்தான் சரேப்தா. மதப்பணி பெரிதாகப் பலிக்கவில்லை. கடுகு பலித்தது! அந்தப் புல்வெளியில் விளைந்த கடுகைப் பயிராக்கி, எண்ணெய் ஆட்டி, பேரரசு முழுக்க விற்றார்கள். நம் வீட்டுத் தாளிப்பில் வெடிக்கும் கடுகின் இனத்தை ஜெர்மானியர்கள் இன்றும் சரேப்தா கடுகு என்றே சொல்கிறார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த ஐசக் யாக்கோப் ஷ்மிட் என்பவர் கல்மீக்கியரின் கூடாரங்களில் தங்கி அவர்கள் மொழியைப் படித்து, பிறகு 1831-ல் மங்கோலிய மொழிக்கு இலக்கணமே எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள், எஸ். அதை முதலில் மனதில் வையுங்கள்.

ஆனால் ஒருவருக்குக் கொடுத்த நிலம் இன்னொருவரின் மேய்ச்சல் நிலம். ரஷ்யக் குடியேற்றமும் ஜெர்மன் குடியேற்றமும் ஆற்றோரப் புல்வெளியைத் தின்றுகொண்டே வந்தன. போருக்குக் குதிரைவீரர்களை அனுப்பச் சொல்லி அரசின் நெருக்கடி வேறு. 1771 ஜனவரியில் உபாஷி கான் தன் மக்களைத் திரட்டிக்கொண்டு பூர்வீக நிலத்துக்கே திரும்பக் கிளம்பினார். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், மந்தைகளோடும் கூடாரங்களோடும். அந்த வருடம் வோல்கா சரியாக உறையவில்லை. மேற்குக் கரையில் இருந்தவர்களால் ஆற்றைக் கடந்து கூட்டத்தோடு சேர முடியவில்லை. போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே உயிரோடு சீன எல்லையை எட்டினார்கள். உறையாத ஆற்றால் பின்தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய கல்மீக்கியர்கள். காதரின் அவர்களுடைய கான் ஆட்சியையே கலைத்துவிட்டார். நிலம், அரசு, பெரும்பகுதி மக்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் இழந்த சமூகம் அது. அடுத்த நூறு வருடம் அது ஏன் முன்னேறவில்லை என்று கேட்பவர்கள் இந்த ஜனவரியைத் தெரிந்துகொண்டு கேட்கவேண்டும்.

சரி, ஜெர்மானியர்கள் முன்னுக்கு வந்தார்களா? எந்த ஜெர்மானியர்கள் என்று கேட்கவேண்டும். உங்கள் நண்பரின் ரத்தக் கணக்கு எனக்கு இங்கேதான் உடைகிறது. வோல்கா ஜெர்மானியர்கள் ரஷ்யக் கிராமங்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலம் ஊருக்குப் பொது. ஆண் தலைக்கு இவ்வளவு என்று சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பங்கு போடுவார்கள். பிள்ளைகள் பெருகப் பெருகப் பங்கு சிறுத்தது. அடுத்த பங்கீட்டில் யாருக்குப் போகுமோ என்றிருக்கும் மண்ணுக்கு யார் எரு போடுவார்கள்? கருங்கடல் பக்கம் 1789 முதல் குடியேறிய மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் ஜெர்மன் பேசுபவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது குடும்பத்துக்கு 65 தெசியாதீனா, அதாவது 175 ஏக்கருக்கு மேல். அதைத் துண்டு போடக் கூடாது, ஒரே வாரிசுக்குப் போகவேண்டும். அங்கே யோஹான் கோர்னீஸ் போன்றவர்கள் தரிசு விட்டுப் பயிரிடுவதையும் மரம் நடுவதையும் கட்டாயமாக்கி, ரஷ்யாவே திரும்பிப் பார்க்கும் பண்ணைகளை உருவாக்கினார்கள். அதற்கும் விலை இருந்தது. 1860-களில் அந்த ஊர்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலமற்றவை. ஆனாலும் அவர்கள் கண்ட செழிப்பை வோல்கா ஜெர்மானியர்கள் காணவில்லை. நிலப் பங்கீட்டு விதி வேறு, ஆளுக்குக் கிடைத்த அளவு வேறு. முடிவும் வேறாகிவிட்டது.

அப்புறம் அமெரிக்கா. 1874-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தவுடன் வோல்கா ஜெர்மானியர்கள் கான்சாஸ், நெப்ராஸ்கா, கொலராடோ என்று கிளம்பினார்கள். கொலராடோவில் சர்க்கரை எடுப்பதற்கான பீட் கிழங்கு வயல்களில் அப்பா, அம்மா, எட்டு வயதுப் பிள்ளை என்று குடும்பமே குட்டைக் களைக்கொத்தோடு முட்டி போட்டு வேலை செய்தது. அவர்கள் வீட்டில் ஜெர்மன் பேசினாலும் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் அழுக்கு ரஷ்யர்கள். அதே அமெரிக்காவுக்கு 1951-52-ல் அகதி முகாம்களிலிருந்து சில நூறு கல்மீக்கியர்கள் வந்தார்கள். ஆசிய இனத்தவர் என்று முதலில் நுழைவு மறுக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டாக ஐரோப்பாவில் வாழ்பவர்கள் என்று வாதாடி, சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் என்ற தீர்ப்பு 1951-ல் கிடைத்தது. அவர்களில் பலர் நியூ ஜெர்சியில் குடியேறினார்கள். 1958-ல் அங்கே கெஷே வாங்யால் என்ற கல்மீக்கியத் துறவி பௌத்த மடம் ஒன்றை நிறுவினார். அமெரிக்கர்கள் பலர் திபெத்திய பௌத்தத்தைக் கற்றது அவரிடம்தான்.

மறுபடி வோல்காவுக்கு வருவோம். புரட்சிக்குப் பிறகு இரண்டு பேருக்கும் தன்னாட்சிக் குடியரசு கிடைத்தது. ஜெர்மானியருக்கு 1924-ல், கல்மீக்கியருக்கு 1935-ல். இரண்டும் பறிபோயின. 1941 ஆகஸ்ட் 28 ஆணையின்படி வோல்கா ஜெர்மானியர் அனைவரும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கடத்தப்பட்டார்கள். படையெடுத்து வரும் ஹிட்லருக்கு உதவுவார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆண்களுக்குப் பிறகு, 16 முதல் 45 வயதுப் பெண்களையும் கட்டாய உழைப்புக்கான தொழிற்படைக்கு இழுத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்கும் மட்டும் விலக்கு. நான்கு வயதுக் குழந்தையைப் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ விட்டுவிட்டு மரம் வெட்டப் போன தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

கல்மீக்கியரின் முறை 1943 டிசம்பர் 28 விடிகாலையில் வந்தது. நான்கு நாட்களில் 90,000-க்கு மேற்பட்டவர்களை கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்துச் சைபீரியக் குளிருக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் படைக்கு உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. செம்படையில் சண்டையிட்டுக்கொண்டிருந்த கல்மீக்கியச் சிப்பாய்களைப் போர்முனையிலிருந்து அழைத்து, உரால் பகுதியில் அணைமின் நிலையம் கட்டும் முகாமில் தள்ளினார்கள். அல்தாய்ப் பகுதியில் ஜெர்மானியரும் கல்மீக்கியரும் ஒரே தலைவிதியோடு பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். இருவருமே அதிகாரியின் பதிவேட்டில் தவறாமல் கையெழுத்துப் போடவேண்டும். 1948 ஆணைக்குப் பிறகு அனுமதியின்றி ஊரைவிட்டுப் போனால் 20 வருடக் கடுங்காவல். அந்தப் பதிவேட்டின் முன்னால் எந்த ரத்தமும் உதவவில்லை.

பிரிவு நேர்ந்தது 1956-ல். கம்யூனிஸ்ட் கட்சியின் 20-ஆவது மாநாட்டு ரகசிய உரையில் சோவியத் தலைவர் குருஷேவ், அநியாயமாகக் கடத்தப்பட்ட இனங்கள் என்று சிலரின் பெயரைச் சொன்னார். கல்மீக்கியர் பெயர் இருந்தது. ஜெர்மானியர் பெயர் இல்லை. கல்மீக்கியர் 1957 முதல் ஊர் திரும்பினார்கள், மறு வருடம் குடியரசும் திரும்பி வந்தது. ஜெர்மானியருக்குக் காவல் நீங்கியது, ஆனால் வோல்காவுக்குத் திரும்பும் உரிமை இல்லை. குற்றச்சாட்டு ரத்தானதே 1964-ல்தான். குடியிருப்புத் தடை நீங்க 1972 ஆனது. அவர்களுடைய ஊர்களில் அதற்குள் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். கஜகஸ்தானின் புதுவயல்களுக்கு அவர்களுடைய உழைப்பும் தேவைப்பட்டது.

இதன் விளைவை மூன்று இடங்களில் பார்க்கலாம்.

படிப்பில், குடியரசு திரும்பக் கிடைத்த கல்மீக்கியர் தங்கள் தலைநகரான எலிஸ்தாவில் 1970-ல் தங்கள் பல்கலைக்கழகத்தைப் பெற்றார்கள். நாடக அரங்கும் பதிப்பகமும் பதவிகளும் அதோடு வந்தன. அவர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் எண்ணிக்கை இருந்த சோவியத் ஜெர்மானியருக்கு ஓரிரு செய்தித்தாள்களும், 1980-ல் ஒரு நாடக அரங்கும் கிடைத்தன. சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. ஐரோப்பாவுக்கே பல்கலைக்கழக மாதிரி கொடுத்த இனத்தின் பிள்ளைகள் டிராக்டர் ஓட்டினார்கள், பால் கறந்தார்கள்.

பணத்தில் நிலைமை தலைகீழ். கல்மீக்கியா இன்றும் ரஷ்யாவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. தண்ணீர் கிடையாது. சோவியத் காலத்தில் பழைய கொழுப்புவால் ஆட்டை விட்டுவிட்டு மெல்லிய ரோம ஆடுகளை அளவுக்கு மீறி மேயவிட்டதில் கருநிலம் என்ற புல்வெளி மணல்காடானது. இளைஞர்கள் மாஸ்கோவில் கூலி வேலைக்குப் போகிறார்கள். சதுரங்கம் பார்ப்பவர்களுக்கு எலிஸ்தா தெரிந்திருக்கும். 2006-ல் கிராம்னிக்கும் தோபலோவும் மோதிய ஊர். அந்தச் சதுரங்க நகரத்தைத் தாண்டி நடந்தால் புழுதிதான். ஜெர்மானியர்களுக்கோ கைவிடப்பட்ட பிறகு வேறு கதவு திறந்தது. 1980-களின் இறுதியிலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமானவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து, ஜெர்மனிக்குப் போய்க் குடியுரிமையும் ஓய்வூதியமும் பெற்றார்கள். கஜகஸ்தானில் ஆசிரியையாக இருந்தவர் அங்கே தரை துடைத்தார், ஆனால் அவர் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அந்தக் கதவைத் திறந்தது ஜெர்மனியின் ஒரு சட்டம். மங்கோலியா கல்மீக்கியருக்கு அப்படி ஒரு சட்டம் போடும் வசதியில் இல்லை.

மூன்றாவது, சமூகமாக நீடிப்பது. 1992 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்த்ஸின் ஜெர்மானியருக்குக் காட்டிய இடம் கபூஸ்தின் யார் என்ற ஏவுகணைச் சோதனைத் திடல். வோல்கா ஜெர்மன் குடியரசு திரும்பவே இல்லை. 1989 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் எட்டு லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் 2010-ல் நான்கு லட்சத்துக்கும் கீழே. கல்மீக்கியர் 1897-ல் 1,90,648 பேர், 2010-ல் 1,83,372 பேர். நூறு வருடத்துக்கு மேலாகியும் ஒரு சமூகம் பெருகவில்லை என்பது எவ்வளவு பெரிய சாவைக் குறிக்கிறது என்று யோசியுங்கள். மொழியும் தடுமாறுகிறது. பேரன்களுக்கு ரஷ்ய மொழிதான் வருகிறது. ஆனால் நாடு வரைபடத்தில் இருக்கிறது. எலிஸ்தாவின் பெரிய பௌத்தக் கோயிலை 2005 டிசம்பர் 27 அன்று திறந்தார்கள், அவர்களைக் கடத்தச் சொன்ன ஆணையின் தேதியில். அந்தக் கோயிலை எழுப்ப முன்னின்ற அப்போதைய தலைமை லாமா அமெரிக்காவில் பிறந்த கல்மீக்கியர், நம் பக்கத்துக் கர்நாடகத்தின் முண்ட்கோடு மடத்தில் படித்தவர். உக்ரைன் போரை எதிர்த்துப் பேசியதால் 2023-ல் அவரையே வெளிநாட்டு ஏஜெண்ட் என்று அறிவித்தது ரஷ்யா.

உங்கள் நண்பரை அடுத்த முறை பார்க்கும்போது எந்த வருடத்துக் கணக்கைச் சொல்கிறார் என்று கேளுங்கள். 1850-ன் கருங்கடல் பண்ணையா, 1910-ன் கொலராடோ பீட் வயலா, 1946-ன் அல்தாய்ப் பதிவேடா? அவர் வருடத்தைச் சொல்லட்டும். அந்த வருடத்தில் நிலம் யார் பேரில் இருந்தது, ஊரைவிட்டுப் போக யாரிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது என்று நீங்கள் அடுத்துக் கேளுங்கள். பேசியதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.