பெஞ்சில் யார் எழுந்தார், யார் உட்கார்ந்தார்: என்பிஏ ட்ரேட் கேள்வி பதில்

என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வதுதான் ட்ரேட். பிப்ரவரியில் அதற்கான கடைசிக் கெடு, அதாவது டெட்லைன், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணி. நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. தூங்காமல் விழித்திருந்து கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். நான் பெஞ்சைப் பற்றி, அதாவது தொடக்க ஐவரில் இல்லாமல் இடையில் இறங்கும் ஆட்களைப் பற்றி மட்டுமே பதில் சொல்வேன். மாவட்ட அணியில் மூன்று வருடம் பன்னிரண்டாவது ஆளாக, வார்ம்-அப் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து எழுந்தவன். எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

ராத்திரி ரசிகன், திருச்சி: அண்ணே, ட்ரேட் என்றாலே பெரிய ஸ்டார்களைப் பற்றித்தான் பேச்சு. பெஞ்சுக்கு அதில் என்ன ஆகிறது?

முதலில் ஒரு பெருக்கல். ஓர் ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240 நிமிடம். எந்த ட்ரேடும் இதை 241 ஆக்காது. புதிதாக ஒருவர் வந்து 30 நிமிடம் ஆடினால், அந்த 30 நிமிடம் யார் யாரிடமிருந்தோ பிடுங்கப்படுகிறது. நான் ஆட்டம் பார்க்கும்போது கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொருவரின் நிமிடத்தையும் எழுதுவேன். ட்ரேடுக்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள், எல்லாம் விளங்கும்.

2019 டொரன்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 7 அன்று மெம்ஃபிஸிலிருந்து மார்க் கசோல் வந்தார். போனவர்கள் வலன்சியூனஸ், டெலன் ரைட், சி.ஜே. மைல்ஸ், கூடவே ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு (புதுவரவுகளை எடுக்கும் டிராஃப்டில் ஓர் இடம்). கணக்குப்படி மூன்று ரொட்டேஷன் ஆட்கள் (வழக்கமாக நிமிடம் கிடைப்பவர்கள்) போய் ஒருவர் வந்திருக்கிறார், பெஞ்ச் மெலிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நடந்தது வேறு. கசோல் ஸ்டார்ட் செய்ததால், அதாவது தொடக்க ஐவரில் இறங்கியதால், அதுவரை பெரும்பாலும் ஸ்டார்ட் செய்துவந்த செர்ஜ் இபாகா பெஞ்சுக்கு வந்தார். எதிரணி இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கும் நேரத்தில் இவர்கள் பக்கம் இபாகா நிற்கிறார்! ரைட் போனதால் பெஞ்ச் கார்டின் (பந்தை நடத்திச் செல்லும் ஆளின்) பொறுப்பு முழுக்க ஃப்ரெட் வான்வ்லீட்டின் தலையில் விழுந்தது. ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில், கோப்பையை வென்ற அந்த இரவில், வான்வ்லீட் பெஞ்சிலிருந்து வந்து 22 புள்ளி எடுத்தார்.

ஆள் எண்ணிக்கை குறைந்தது, பெஞ்ச் பலப்பட்டது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பெயர்ப் பட்டியலைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள்.

மஞ்சள் ஊதா, சென்னை: லேக்கர்ஸ் இந்த வருஷம் யாரை வாங்கினால் கப் அடிக்கும்?

ஜோசியம் பார்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை, சேலம்: ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கினால் பெஞ்சுக்கு லாபம்தானே சார்?

லாபம் மாதிரி தெரியும். ஆனால் ஓர் அணியில் முழு கான்ட்ராக்டில் 15 பேர்தான் இருக்கலாம். டூ-வே கான்ட்ராக்டில் (கீழ் லீக்கிலும் ஆடுபவர்கள்) இன்னும் 3 பேர் வைக்கலாம், ஆனால் கான்ட்ராக்டை மாற்றாமல் அவர்களை பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில், இறக்க முடியாது. 15 நிரம்பியிருக்கும்போது மூவர் வந்து ஒருவர் போனால், ஏற்கெனவே இருக்கிற இருவரை வெளியே அனுப்பியாக வேண்டும். அந்த இருவரும் உங்கள் பெஞ்சின் வால் பகுதி. பயிற்சியில் எதிரணி மாதிரி ஆடிக் காட்டுபவர், டைம்-அவுட்டில் சின்னப் பையன்களிடம் பேசுபவர் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். தலைகீழாக, மூவரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால் இருக்கைகள் காலியாகும். 14 பேருக்குக் கீழே ஒரு தடவைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்க முடியாது. அந்த அவசரத்தில்தான் கண்டவரையும் கையெழுத்து வாங்குவார்கள்.

ஜாஸ் பிரியை, மதுரை: குறைந்த விலையில் பெஞ்சையே மாற்றிய ட்ரேட் ஒன்று சொல்லுங்களேன்.

உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. 2019 டிசம்பர் கடைசியில் யூட்டா ஜாஸ், கிளீவ்லாண்டிலிருந்து ஜார்டன் கிளார்க்சனை வாங்கியது. கொடுத்த விலை டான்டே எக்ஸமும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும், அவ்வளவுதான். அதே சமயம் ஜெஃப் கிரீனை அனுப்பிவிட்டார்கள். ஸ்டார்ட்டர்கள் உட்கார்ந்தவுடன் பந்தைக் கையில் வைத்துத் தானாகவே புள்ளி எடுக்க ஒருவர் யூட்டாவில் இல்லை. அந்த ஒரே ஓட்டைக்கு ஒரே ஆளைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசனில் கிளார்க்சன் சராசரி 18.4 புள்ளி எடுத்து, சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை (பெஞ்சிலிருந்து வருபவருக்கானது) வாங்கிய முதல் ஜாஸ் வீரர் ஆனார்.

இதே கிளார்க்சன் 2018 பிப்ரவரியிலும் இப்படி நடுச் சீசனில் கைமாறியவர்தான். கிளீவ்லாண்ட் ஒரே நாளில் ஆறு பேரை அனுப்பிவிட்டு நால்வரைக் கொண்டுவந்ததே, அந்த நால்வரில் ஒருவர். அந்த பிளேஆஃபில் திணறினார். ஆள் ஒன்றுதான், கொடுத்த வேலைதான் வேறு.

லக்கி செவன்: அண்ணா, பெட்டிங் ஆப்பில் பெஞ்ச் பாயிண்ட்ஸ் மேல் பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். அடுத்தது.

கிழக்கு வாசல், தூத்துக்குடி: டெட்லைன் முடிந்த பிறகு பை-அவுட் ஆட்களை வாங்குவது நல்ல வழிதானே? பணமும் மிச்சம்.

இதற்குத்தான் காத்திருந்தேன். பை-அவுட் என்றால், அணியோடு பேசி சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விடுதலை வாங்கிக்கொண்டு வேறு அணிக்குப் போவது. மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டிருந்தால்தான் புது அணிக்காக பிளேஆஃப் ஆடலாம். பெயரைப் பார்த்தால் வாய் ஊறும். ஆனால் ஓர் அணி சம்பளம் கொடுத்தே வழியனுப்புகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். 2019-இல் டொரன்டோ இப்படித்தான் ஜெரமி லின்னை எடுத்தது. ஃபைனலில் அவர் இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில், அதுவும் முடிவு தெரிந்த பிறகு கடைசி நிமிடத்தில். பை-அவுட் ஆளை நம்பி பெஞ்ச் கட்டாதீர்கள்.

கிழக்கு வாசல் (மறுபடி): 2011 டல்லாஸில் பேஜா?

ஒப்புக்கொள்கிறேன். டொரன்டோ விடுவித்த பேஜா ஸ்டோயகோவிச்சை டல்லாஸ் எடுத்தது. லேக்கர்ஸை 4-0 என்று முடித்த ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து ஆறு மூன்று-புள்ளி முயற்சியில் ஆறும் உள்ளே, மொத்தம் 21 புள்ளி. ஆனால் அதே வருட ஃபைனலில் அவருடைய நிமிடம் எவ்வளவு சுருங்கியது என்றும் பாருங்கள். 2012-இல் சான் அன்டோனியோ எடுத்த போரிஸ் டியாவ்தான் உண்மையான விதிவிலக்கு. என் எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

ஷோடைம், பெங்களூரு: லேக்கர்ஸ் பெஞ்ச் எப்படி?

மேலே பார்க்கவும்.

பிக் ஆப்பிள், நியூ ஜெர்சி: 2023 டிசம்பர் 30 அன்று நியூயார்க் நிக்ஸ், டொரன்டோவுக்குக் குவிக்லியைக் கொடுத்து அனுனோபியை வாங்கியது முட்டாள்தனம். ஒரே ட்ரேடில் பெஞ்ச் செத்தது. உங்கள் நிமிடக் கணக்கு இதற்கு என்ன சொல்கிறது?

குவிக்லி சாதாரண ஆள் இல்லை என்பது சரி. அதற்கு முந்தைய சீசனில் ஆறாவது ஆட்டக்காரர் விருதுக்கு இரண்டாவதாக வந்தவர். அவரோடு பேரட்டும் போனார். ஆனால் அடுத்த மாதம் நிக்ஸ் 14 வெற்றி, 2 தோல்வி. பெஞ்ச் செத்த அணி அப்படி ஆடுமா? அன்றே மைல்ஸ் மெக்ப்ரைடுக்கு மூன்று வருடக் கான்ட்ராக்ட் நீட்டிப்பு கொடுத்தார்கள். அதுவரை ஓரத்தில் இருந்த பையனுக்கு, "இனி இந்த நிமிடம் உன்னுடையது" என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

பிக் ஆப்பிள்: ஜனவரியை விடுங்கள். மே மாதம் என்ன ஆனது? ஜாஷ் ஹார்ட் 48 நிமிடமும் ஆடினார். இந்தியானாவிடம் சொந்த மைதானத்தில் ஏழாவது ஆட்டம் 130-109 தோல்வி. பெஞ்ச் இருந்தால் இப்படி ஆகுமா?

ராண்டிலுக்குத் தோள், ராபின்சனுக்குக் கணுக்கால், அனுனோபிக்குத் தொடைத் தசை, கடைசியில் பிரன்சனுக்குக் கை. இந்தப் பட்டியலோடு எந்த பெஞ்ச் தாங்கும்? குவிக்லி இருந்திருந்தால் அவரும் ஸ்டார்ட்டராகத்தான் ஓடியிருப்பார். பெஞ்ச் அப்போதும் காலிதான்.

டெட்ராய்ட் மருமகன், ஈரோடு: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தப்பு டிசம்பர் ட்ரேட் இல்லை, பிப்ரவரி ட்ரேட். கிரைம்ஸைக் கொடுத்து போக்டானோவிச்சையும் பர்க்ஸையும் வாங்கினார்களே, அதுதான்.

பிக் ஆப்பிள்: கிரைம்ஸ் அப்போது பெஞ்சில்கூடச் சரியாக ஆடவில்லை!

மருமகன் சொல்வதில் பாதி சரி. குவென்டின் கிரைம்ஸ் ஸ்டார்ட்டிங் இடத்தை டிவின்சென்சோவிடம் இழந்து மங்கிப்போயிருந்தார், வந்த இருவரும் நல்ல ஷூட்டர்கள். அன்றைய கணக்கில் அது தப்பாகத் தெரியவில்லை, நானே நல்ல ட்ரேட் என்று சொன்னேன். ஆனால் போக்டானோவிச் காயத்தில் போனார். பர்க்ஸ் முதல் சுற்றில் கிட்டத்தட்ட ஓரங்கட்டப்பட்டு, இந்தியானா தொடரில் வேறு ஆளில்லாமல் கூப்பிடப்பட்டு, அந்த ஏழாவது ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தார். ஏப்ரலில் தூசி படிந்த ஆள் மே மாதத்தில் அணியைத் தூக்குகிறார். கோச் அவரைக் கண்டுகொள்ள இவ்வளவு நாளா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நானும் உங்களோடு.

கிரைம்ஸ்? டெட்ராய்ட், டல்லாஸ் வழியாக 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா போனார். அங்கே ஸ்டார்கள் எல்லாம் காயத்தில் கிடந்தார்கள், நிமிடம் கொட்டிக் கிடந்தது. ஒரே ஆட்டத்தில் 40-க்கு மேல் எடுக்கும் ஆளானார்.

பிக் ஆப்பிள்: அப்போ குவிக்லியை வைத்திருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லை. அவரும் டொரன்டோவில் ஸ்டார்ட்டராகி ஐந்து வருட கான்ட்ராக்ட் வாங்கிவிட்டார். நியூயார்க் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? இந்தத் தகராறை இத்தோடு விடுவோம். இன்னும் பதினோரு பேர் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள், அவர்களுக்கும் இதுதான் பதில்.

அம்மா ஒருவர், கோவை: என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். குதித்து இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்கிறான்.

எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள், அதுவரை ஆட விடாதீர்கள். இங்கே கேட்கும் விஷயம் இல்லை அம்மா.

பழைய பாய்ஸ், வேலூர்: ட்ரேடில் கொடுத்த ஆளையே திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா? முன்பு நடந்ததாக ஞாபகம்.

நல்ல ஞாபகம். 2004 பிப்ரவரியில் டெட்ராய்ட், ரஷீத் வாலஸை வாங்கிய மூன்று அணி ட்ரேடில் லின்ட்சி ஹன்டரை பாஸ்டனுக்கு அனுப்பியது. பாஸ்டன் அவரை விடுவித்தவுடன் டெட்ராய்ட்டே மறுபடி எடுத்துக்கொண்டது. அதே ட்ரேடில் வந்த மைக் ஜேம்ஸும் ஹன்டரும் பெஞ்சிலிருந்து ஜோடியாக இறங்கி எதிரணி கார்டுகளைப் பாதி மைதானத்திலேயே மறித்தார்கள். அந்த வருடம் கோப்பை டெட்ராய்டுக்கு. 2010-இல் கிளீவ்லாண்டும் இல்கௌஸ்கஸை வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே விடுவித்ததும் ஒரு மாதத்தில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. ஊர் சிரித்தது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான அடுத்த ஒப்பந்தத்தில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இப்போது அனுப்பிய ஆளை உடனே திருப்பி எடுக்க முடியாது.

டாக்ஸ், ஹைதராபாத்: ஏப்ரன் விதி பற்றி முழுசாக விளக்குங்கள்.

முழுசாக விளக்க இந்த இடம் போதாது. ஏப்ரன் என்பது அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்ட கோடு, முதலாவது, இரண்டாவது என்று இரண்டு உண்டு. பெஞ்சுக்கு வேண்டிய விஷயமும் இரண்டு. சம்பளம் இரண்டாவது ஏப்ரனைத் தாண்டிய அணி இரண்டு மூன்று சின்னச் சம்பளங்களைச் சேர்த்துப் பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. முதல் ஏப்ரனைத் தாண்டினாலே, பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பை-அவுட் ஆளை எடுக்க முடியாது.

மேவ்ஸ் மச்சான், ஓசூர்: 2024 டல்லாஸ்?

கிளைக்கதை வேண்டாம், டொரன்டோ கதையேதான். காஃபர்ட் வந்து ஸ்டார்ட் செய்தார், புதுப் பையன் லைவ்லி பெஞ்சுக்குப் போனார், 48 நிமிடமும் கூடைக்கு அடியில் ஓர் உயரமான ஆள். ஃபைனல் வரை போனார்கள்.

லேக்கர்ஸ் வெறியன், லேக்கர்ஸ் வெறியன் 2, தங்கக் கோட்டை மற்றும் ஆறு பேர்: லேக்கர்ஸ்?

உங்கள் யாருக்கும் இல்லை. ஆனால் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்காக.

ஏழாம் வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்: 2023-இல் நடுச் சீசன் ட்ரேட்கள் லேக்கர்ஸைத் தூக்கிவிட்டன. 2025-இல் ஸ்டார் லூக்கா டான்சிச்சே வந்தும் முதல் சுற்றில் 4-1 தோல்வி. இரண்டு தடவையும் பெஞ்சுக்கு என்ன வித்தியாசம் சார்?

இப்படிக் கேட்டால் யார் சொல்லமாட்டார்கள்! 2023-இல் ஹச்சிமுரா, ரஸல், வான்டர்பில்ட், பீஸ்லி என்று நடுத்தர ஆட்களை வாங்கினார்கள். வெஸ்ட்புரூக் போனார். மெம்ஃபிஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹச்சிமுரா பெஞ்சிலிருந்து 29 புள்ளி. ஆனால் எனக்குப் பிடித்தவர் லானி வாக்கர். சீசன் தொடக்கத்தில் ஸ்டார்ட்டர், இந்த ட்ரேட்களுக்குப் பிறகு ரொட்டேஷனிலேயே இல்லை. கோல்டன் ஸ்டேட் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 15 புள்ளி, அத்தனையும் கடைசிக் கால் பகுதியில். ட்ரேடில் வந்த பீஸ்லி உட்கார்ந்திருக்கிறார், ட்ரேடால் உட்கார்ந்த வாக்கர் களத்தில் நிற்கிறார். கோச்சுக்குத் திரும்பிப் பார்க்க ஆள் இருந்தது.

2025-இல் நடந்தது வேறு. லூக்காவுக்காக டேவிஸோடு மாக்ஸ் கிறிஸ்டியும் போனார். சென்டர் (கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான ஆள்) வேண்டுமென்று மார்க் வில்லியம்ஸுக்காக டால்டன் நெக்ட்டைக் கொடுத்தார்கள். உடல் பரிசோதனையில் பிரச்சினை என்று டெட்லைன் முடிந்த பிறகு அந்த ட்ரேட் ரத்து. சென்டரும் இல்லை, வேறு ட்ரேடுக்கு நேரமும் இல்லை. நெக்ட் திரும்பி வந்தார். ஒரே ஆட்டத்தில் ஒன்பது மூன்று-புள்ளி போட்டு புதுவரவுகளின் சாதனையைச் சமன் செய்தவர் அவர். மினசோட்டா தொடரில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார்.

நான்காவது ஆட்டத்தில் கோச் ரெடிக் இரண்டாம் பாதி தொடக்கத்திலேயே சென்டர் ஹேஸை உட்காரவைத்து ஃபின்னி-ஸ்மித்தை இறக்கினார். லூக்கா, லெப்ரான், ரீவ்ஸ், ஹச்சிமுரா, ஃபின்னி-ஸ்மித். அந்த ஐந்து பேரே 24 நிமிடமும். ஒரு மாற்றம்கூட இல்லை. 116-113 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் மினசோட்டாவின் கோபேர் 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்து முடித்துவைத்தார்.

அந்த நான்காவது ஆட்டத்தின் பக்கம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் ஐந்து பெயருக்கு நேரே 24, 24, 24, 24, 24. அதற்குக் கீழே எல்லாம் வெற்றுக் கட்டம்.