வாசகர் கேள்வி–பதில்: இருக்கிற கேம் ஷாஃப்டை கிரைண்ட் செய்வதா, புதுசு வாங்குவதா?

கேள்வி: என்னுடையது 1,298 சிசி, 8 வால்வ், கார்புரேட்டர் ஜிப்சி. தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய் வருகிறேன். மாஞ்சோலை ஏற்றத்துக்கும் இதே வண்டிதான். கோயம்புத்தூர் பக்கம் ஆட்டோகிராஸ் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. "இருக்கிற கேமையே கிரைண்ட் பண்ணிருவோம்" என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. நண்பர்களோ 280 டிகிரி பில்லெட் கேமை (முழு எஃகுத் தண்டில் கடைந்தது) வெளியிலிருந்து வரவழைக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்ய?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு, நல்ல நிலையில் உள்ள கம்பெனி கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) அளவாக கிரைண்ட் செய்தால் போதும். மிச்சமாகும் பணத்தை வால்வ் ஸ்பிரிங், ராக்கர் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்), அளவெடுக்கும் வேலை மூன்றுக்கும் செலவழியுங்கள். ஆனால் முதலில் உங்கள் கேம் கிரைண்டிங்கைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

கேமில் வால்வைத் திறக்கும் முட்டை வடிவ மேடுதான் லோப். கிரைண்ட் செய்யும்போது லோபின் மூக்கு உயர்வதில்லை. மூக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வட்டப் பகுதியை, அதாவது பேஸ் சர்க்கிளை, தேய்த்துக் குறைக்கிறார்கள். வட்டம் சிறுத்த அளவுக்கு லிஃப்ட், அதாவது மூக்கு தள்ளும் உயரம், கூடுகிறது. லோபின் மொத்த உயரம் 37 மி.மீ., பேஸ் சர்க்கிள் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லோப் லிஃப்ட் 7 மி.மீ. அதை 7.8 ஆக்க வேண்டுமானால் விட்டம் 28.4 ஆகக் குறைய வேண்டும். ராக்கர் விகிதம் 1.3 என்றால் வால்வ் கூடுதலாக 1 மி.மீ.க்குச் சற்று மேல் திறக்கும்.

பெரிய சட்டையைப் பிடித்துத் தைக்கலாம், சின்னச் சட்டையைப் பெரிதாக்க முடியாது. அதுபோல, புதிய லோபின் வடிவம் முழுவதும் பழைய லோபுக்குள் அடங்க வேண்டும். ஆகவே டியூரேஷனை, அதாவது வால்வ் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதை, இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. லோப் சென்டரையும் (மூக்கின் நடு நிற்கும் கோணம்) ஓரிரு டிகிரிக்கு மேல் நகர்த்த முடியாது. மூக்கு ஏற்கெனவே தேய்ந்த கேமில் இந்த இடமும் குறைந்துவிடும். எட்டு லோபுகளையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் 0.2 மி.மீ. குறைவாக இருந்தாலும் மற்ற ஏழையும் அதன் அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கேமை ஒதுக்கிவிட்டு வேறு பாருங்கள்.

அடுத்தது உலோகத்தின் கடினத்தன்மை. வார்ப்பிரும்பு கேமின் மேல்தோல்தான் கெட்டி, உள்ளே மிருது. ஆழமாக கிரைண்ட் செய்தால் அந்தத் தோல் போய்விடும். வேலை முடிந்தபின் லோபின் ஓரத்தில் ராக்வெல் கடினச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். 50 எச்ஆர்சியை (ராக்வெல் அளவு) ஒட்டி இருப்பது நல்லது. 45-க்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கெட்டியாக்குவது) செய்து தருவதாகச் சொன்னால் செய்யுங்கள். ஆனால் அது மெல்லிய தோல்தான், அடியில் மிருதுவான இரும்பு இருந்தால் அழுத்தத்தில் உடைந்து உள்ளே போகும்.

மூன்றாவது, ராக்கர் கோணம். பேஸ் சர்க்கிளின் ஆரம் 0.8 மி.மீ. இறங்கியதால் வால்வ் முனையில் 1 மி.மீ. இடைவெளி கூடுதலாக விழும். அட்ஜஸ்டர் திருகை இறக்கி அதைச் சமன் செய்வார்கள். சத்தம் போய்விடும், ஆனால் திருகு வால்வ் முனையில் படும் இடம் மாறியிருக்கும். வால்வ் முனையில் மார்க்கர் மை பூசி, கிராங்கை கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மை அழிந்த கோடு நடுவில் மெல்லியதாக இருந்தால் சரி. ஓரத்துக்குப் போயிருந்தால் ராக்கர் ஒவ்வொரு தடவையும் வால்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கைடு சீக்கிரம் தேய்ந்து ஆயில் எரியத் தொடங்கும். வால்வ் முனையில் லாஷ் கேப் என்ற சிறு தொப்பி போட்டால் சரியாகும்.

பில்லெட் கேம் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஹெட்டில் கேமைப் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக நுழைக்க வேண்டும். ஆகவே லோபின் மூக்கு ஜர்னலைவிட (துளையில் உட்கார்ந்து சுழலும் உருளைப் பகுதி) வெளியே நீட்ட முடியாது. லிஃப்ட் அதிகமான புது கேமும் பேஸ் சர்க்கிளைக் குறைத்தே அந்த லிஃப்டை எடுக்கிறது. மேலே சொன்ன ராக்கர் சோதனை அதற்கும் உண்டு. புது கேமின் உண்மையான லாபம் டியூரேஷனையும் லோப் சென்டரையும் விரும்பியபடி அமைக்கலாம் என்பது, எட்டு லோபும் ஒரே அளவில் வரும் என்பது, கடினம் நிச்சயம் என்பது. 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடும் ரேஸ் இன்ஜினுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது ராக்கர் பேடு (லோபில் உரசும் முகம்) எந்த உலோகத்தோடு ஒத்துப்போகும் என்று கேளுங்கள். ஜோடி சேராத உலோகங்கள் ஒன்றையொன்று பிராண்டிவிடும். பெட்ரோல் பம்பை ஆட்டும் லோப் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

280 டிகிரி உங்களுக்கு வேண்டாம். அந்த எண் எந்த லிஃப்டிலிருந்து அளந்தது என்று தெரியாமல் ஒப்பிடவும் முடியாது, 1 மி.மீ. லிஃப்டில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். டியூரேஷன் நீண்டால் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை குறையும். மாஞ்சோலை ஏற்றம் முழுக்க நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள். பிரேக் பூஸ்டருக்கு உதவும் ஐட்லிங் வாக்குவமும் குறையும். இறங்கும்போது கிளட்ச் மிதித்து உருள விட்டு, அடுத்தடுத்து பிரேக் பிடித்தால் பெடல் கல்லாகும். இதை லேசாக நினைக்காதீர்கள்.

பூட்டும்போது விடக்கூடாத சோதனை ஒன்று. ஸ்டேஷனரி கடையில் குழந்தைகளுக்கு விற்கும் கலர் களிமண்ணை 6 மி.மீ. கனத்தில் பிஸ்டன் மேல் அப்புங்கள். வால்வ் முகத்தில் ஆயில் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, டைமிங் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி மிக மெல்லிய இடத்தை அளங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். வால்வ் முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொள்ள இன்னும் 1.5 மி.மீ. பாக்கி இருக்கட்டும். ஹெட்டை பிளேன் செய்திருந்தால் கேம் கிராங்கை நெருங்கி டைமிங் பின்தங்கும். துளை நீட்டிய கேம் புல்லி போட்டு, டிகிரி குறித்த வட்டத்தகடும் டயல் கேஜும் வைத்துத் திருத்த வேண்டும். பழைய குறியை நம்பிப் பூட்டாதீர்கள்.

கேள்வி: கிரைண்ட் செய்த கேம் 2,000 கி.மீ.யில் இரண்டு லோப் மழுங்கிவிட்டது. கிரைண்டிங் தப்பா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இருக்கலாம். ஆனால் பழைய ராக்கரையே போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பேடு மேல் நகத்தை வைத்து வருடுங்கள். எங்காவது தட்டினால் அந்தப் பள்ளம்தான் லோபைத் தின்றிருக்கிறது. கேம் புதிதானால் ராக்கர் முகமும் புதிதாக வேண்டும்.

மற்றொரு காரணம் முதல் அரை மணி நேரம். பூட்டும்போது லோப் ஒவ்வொன்றிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். ஃபில்டரில் ஆயில் நிரப்பி, இக்னிஷனும் பெட்ரோலும் சரிபார்த்து, தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும்படி வையுங்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்துபோகும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 20 நிமிடம் 2,000–2,500 ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் லோப் மூக்கில் இறங்கும், ஆயில் தெறிப்பும் குறைவு. வேகம் கூடும்போது வால்வின் சொந்த ஓட்டமே மூக்கின் சுமையைக் குறைக்கும். நம் சித்திரை வெயிலில் இதை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற வண்டி சீக்கிரம் சூடேறும்.

புதுத் தரக் கார்களுக்கான மெல்லிய ஆயிலில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். உரசி ஓடும் பழைய ராக்கருக்கு அது போதாது. சிஐ-4 தர 15டபிள்யூ-40 ஊற்றி, ஓட்டிப் பழக்கிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கேள்வி: புல்லட் 350 கேமையும் இப்படிக் கிரைண்ட் செய்யலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் என்றால் தேவையில்லை. கேம் ஜோடி புதிதாகவே கிடைக்கிறது. டேப்பட்டையும் சேர்த்து மாற்றுங்கள். குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் கம்ப்ரஷன் டிடிசியில் (கம்ப்ரஷன் முடிவில் உச்சியில்) இருக்கையில் புஷ் ராடு விரலால் சுற்றச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு வந்த யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது. பேஸ் சர்க்கிள் குறைந்தால் அதன் எட்டும் தூரம் தீர்ந்து சத்தம் போடும். அதில் கிரைண்டிங்கே வேண்டாம்.