யாரா பள்ளத்தாக்கில் ஒருநாள் ஒயின் சுற்றுலா: கேளுங்கள், சொல்கிறேன்

மெல்போர்னிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் யாரா பள்ளத்தாக்கு. சிறிய வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் அங்குள்ள ஒயின் எஸ்டேட்டுகளைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஊரிலிருந்து பெற்றோர் வரும் காலம் நெருங்க நெருங்க ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: மகன் அங்கே வேலை பார்க்கிறான். ஜனவரியில் வருகிறோம். பெரிய பஸ்ஸில் போனால் மலிவு, பத்துப் பேர் வேனில் போனால் கூடுதல் என்கிறான். எதற்கு அந்தக் கூடுதல் பணம்?

வேனுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு 150 முதல் 250 டாலர் வரை கேட்பார்கள் அம்மா. பஸ் போக முடிகிற இடம் என்பது பஸ் நிறுத்த இடமுள்ள பெரிய எஸ்டேட்தான். சிறிய எஸ்டேட்டுகளில் ஒரே ஒரு கவுண்டர் இருக்கும். அதன் பின்னால் நின்று ஊற்றுபவர் பல நேரம் ஒயின் தயாரித்தவராகவோ அவர் வீட்டு ஆளாகவோ இருப்பார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் அவரால் சமாளிக்க முடியாது, ஏற்கவும் மாட்டார். பத்துப் பேர் என்றால் நின்று பேசுவார். அந்தப் பேச்சுக்குத்தான் பணம்.

பதிவு செய்யும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒயினைச் சுவைத்துப் பார்க்க எஸ்டேட் வாங்கும் சுவைக் கட்டணம் அதில் அடக்கமா, மதியச் சாப்பாடு அடக்கமா? "அங்கே போய்க் கொடுத்துக்கலாம்" என்று பதில் வந்தால் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: ஒரு கம்பெனி மூன்று எஸ்டேட், இன்னொன்று அதே விலைக்கு ஐந்து எஸ்டேட் என்கிறது அண்ணே. ஐந்துதானே லாபம்?

இல்லை. மூன்றே போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். கணக்கைப் பாருங்கள்.

ஒரு எஸ்டேட்டில் ஐந்தாறு ஒயின் தருவார்கள். ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வையுங்கள். ஆறுக்கு 180 மில்லி. ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்றால் 10 கிராம் ஆல்கஹால். 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 100 மில்லி. அப்படியானால் ஒரு எஸ்டேட்டிலேயே கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க் உள்ளே போய்விட்டது. இந்நாட்டுச் சுகாதார வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம் என்கிறது. மூன்று எஸ்டேட்டில் எல்லாவற்றையும் விழுங்கினாலே ஐந்தரை. ஐந்து எஸ்டேட் என்றால் ஒன்பதைத் தாண்டும்.

ஆல்கஹாலை விடுங்கள், நாக்கும் களைத்துப்போகும். நான்காவது இடத்தில் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினில் நல்லதாக ஊற்றுவார்கள். வேனில் வந்தவர்கள் "ம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள். ஐந்தாவது இடத்தின் பெயர் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. அதோடு, ஐந்து இடங்களை ஒரே நாளில் திணித்தால் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் போகும்.

அதே தம்பி: அப்போ குடித்துவிட்டுத் துப்பலாமா? அசிங்கமா நினைக்க மாட்டாங்களா?

துப்பலாம். அதற்கென்றே கவுண்டரில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். தயக்கமாக இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அதில் ஊற்றிவிடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னொன்று: போதை ஏறிய ஆளுக்கு மது ஊற்றக்கூடாது என்பது இங்கே சட்டம். தள்ளாடினால் காசு கொடுத்தாலும் ஊற்ற மாட்டார்கள்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: அறுபது வயதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. மருமகன் அழைத்துப் போகிறார். மற்றவர்கள் "செர்ரி வாசம், ஓக் வாசம்" என்று பேசும்போது நான் விழிக்கக்கூடாது. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஐயா, செர்ரியைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள்: நாவல்பழம், மாதுளை, எலுமிச்சைத் தோல், நெய், ஈரமண். யாரும் தவறு என்று சொல்ல முடியாது.

முதலில் நுரைக்கும் ஒயின், பிறகு வெள்ளை, அப்புறம் இலேசான சிவப்பு, கனமான சிவப்பு, இனிப்பு கடைசியில். இதுதான் வழக்கமான வரிசை. ஒயின் கிளாஸை அடித்தண்டில் பிடித்து மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். பாதி வேலை மூக்கினுடையது. பிறகு ஒரு வாய் எடுத்து இரண்டு நொடி நாக்கில் உருட்டுங்கள். நாவின் ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு இறுகி வாய் உலர்ந்தால் அது டானின். பாக்கும் வாழைப்பூவும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தத் துவர்ப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்குள்ளவர்கள் பலர் அதைத் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

யாராவின் பெயர் பெற்ற திராட்சை ரகங்கள் சிவப்பில் பினோ நுவார், வெள்ளையில் ஷார்டனே இரண்டும்தான். குளிர்ச்சியான இடம் என்பதால் அவை இங்கே நன்றாக வரும். ஆனால் உங்களுக்காக ஒரு சிபாரிசு: எங்காவது ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஊற்றினால் கவனமாக முகருங்கள். குளிர் பிரதேசத்து ஷிராஸில் மிளகு வாசம் வரும். 'மிளகு போல' என்று நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. நம் மிளகுக்கு அந்தக் காரவாசனையைக் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் அந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள்தான் இதைக் கண்டுபிடித்து 2008-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எட்டவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் "மிளகா? எங்கே?" என்று கேட்டால் சண்டை போடாதீர்கள், அவர் மூக்கு அப்படி.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

கிளேட்டனிலிருந்து ஒரு சகோதரி: கணவருக்கு ஆசை. நான் குடிப்பதில்லை, ஆறு வயதுப் பையன் வேறு. குடும்பமாக வரலாமா?

நீங்கள் வரலாம், பையன் வர முடியாது. சிறு குழுச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குடிக்காதவருக்குக் கட்டணம் குறைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் குறைப்பார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், நாள் முழுக்க மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அலுப்பு. குடும்பமாகப் போவதென்றால் சொந்தக் காரில் போங்கள். ஹீல்ஸ்வில் விலங்குச் சரணாலயத்தில் பையன் பிளாட்டிபஸ் பார்க்கட்டும், யாரா கிளென்னில் சாக்லேட் தொழிற்கூடம் இருக்கிறது, டாராவாரா எஸ்டேட்டில் ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது. இடையில் ஒரே ஒரு எஸ்டேட்டில் அவர் சுவைக்கட்டும், திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். திராட்சைச் சாறுதானே, ஒயின் சைவம்தானே?

எல்லா ஒயினும் அல்ல. கலங்கலைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவையும், பால் புரதத்தையும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸையும் பயன்படுத்துவது உண்டு. தெளிந்த பிறகு அது அடியில் படிந்து நீக்கப்பட்டுவிடும். ஆனால் உங்களுக்கு அது ஒப்புமா என்பது உங்கள் முடிவு. 'வீகன்' என்று போட்டிருந்தால் இவை எதுவும் பயன்படவில்லை. கவுண்டரில் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

சீஸ் தட்டிலும் கவனம். பாலை உறையவைக்கும் ரென்னெட் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து வருவது. மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே 'சைவம், முட்டையும் வேண்டாம்' என்று எழுதியே கொடுங்கள். வெங்காயம் பூண்டும் ஆகாது என்றால் வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வருவதுதான் நிம்மதி.

யாழ்ப்பாணத்துக்காரர், டாண்டினாங்: வணக்கம் அண்ணா. நாங்கள் ஐந்து பேர். என்ர மகனுக்கு 'பி' லைசன்ஸ். அவன் கொஞ்சமாத்தான் குடிப்பான், அவனே ஓட்டட்டும் எண்டு நினைக்கிறம். பிரச்சினை வருமோ?

வரும். இந்த விக்டோரியா மாநிலத்தில் முழு லைசன்ஸ் உள்ளவருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் எல்லை 0.05 சதவீதம், புதிதாக லைசன்ஸ் எடுத்து 'பி' பலகை போட்டவருக்குப் பூஜ்யம். ஒரு வாய் கூட ஆகாது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஒன்று, அவர் அன்றைக்குத் தண்ணீர் மட்டும் குடிக்கட்டும். இல்லாவிட்டால் வேன். ரயில் லில்லிடேலோடு முடிந்துவிடும்; அங்கிருந்து ஹீல்ஸ்வில் ஊருக்கு 685 பஸ் இருக்கிறது, ஆனால் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்ற அது உதவாது. ஐந்து பேர் என்றால் தனி வேன் விலையையும் கேட்டுப் பாருங்கள், சில நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது.

திருச்சியிலிருந்து: போன வருடம் போயிருந்தோம். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுக்கப் போனபோது வேலைக்காரர் ஒருவர் ஓடிவந்து தடுத்துவிட்டார். அப்படி என்ன பொக்கிஷம் அங்கே?

அவர் மேல் கோபப்படாதீர்கள். காரணம் உங்கள் செருப்பு.

யாராவில் முதல் கொடி நட்டது 1838-இல். மாட்டு மந்தையோடு வந்த ரைரி சகோதரர்கள் நட்டார்கள். அந்த இடம்தான் இன்றைய யெரிங் ஸ்டேஷன். விக்டோரியாவின் முதல் திராட்சைத் தோட்டமும் அதுவே. அடுத்து சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பகுதியின் அன்றைய நிர்வாகத் தலைவர் லாட்ரோபின் மனைவி அந்த நாட்டுப் பெண். அந்தத் தொடர்பில் வந்தவர்கள் பெரிய தோட்டங்களைப் போட்டார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் யெரிங் ஒயின் உயர்ந்த பரிசு வாங்கியது.

அதற்கு முன்பே, 1877-இல், விக்டோரியாவிலேயே இன்னொரு ஊரான ஜீலாங் பக்கம் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது, வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும், மருந்து கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அது அப்போது யாராவுக்கு வரவில்லை. யாராவைச் சாய்த்தது சந்தைதான். மக்கள் இனிப்பான கனத்த ஒயினுக்கு மாறினார்கள், பால்மாடு கூடுதல் வருமானம் தந்தது. 1920-களில் கொடிகள் போய் எங்கும் மேய்ச்சல் நிலமாகிவிட்டது. 1960-களில்தான் திரும்ப நட ஆரம்பித்தார்கள். 1986-இல் பிரான்சின் மோயே ஷாந்தோன் ஷாம்பெயின் நிறுவனமே இங்கே வந்து ஷாந்தோன் எஸ்டேட்டைத் தொடங்கியது.

இப்படி எழுந்து நின்ற பிறகு, 2006-இல் அந்தப் பூச்சி யாராவுக்குள் வந்துவிட்டது. கொடிகள் பலவும் சொந்த வேரில் நின்றவை. தாக்கிய இடத்தில் பிடுங்கிவிட்டு, இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இன வேரில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நட வேண்டும். காய்ப்புக்கு வர மூன்று வருடமாவது ஆகும். பூச்சி பறந்து வருவது குறைவு. மண்ணோடு டயரிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. காலையில் ஒரு தோட்டத்தில் மிதித்த மண்ணை மதியம் அடுத்த தோட்டத்தில் உதறுகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள்தான். அதனால் வரிசைகளுக்குள் இறங்காதீர்கள். சில இடங்களில் ப்ளீச் கரைசலில் காலணியின் அடியை நனைக்கச் சொல்வார்கள், நனையுங்கள். போட்டோவை வராந்தாவிலிருந்து எடுத்தாலும் கொடி நன்றாகவே விழும்.

கரூரிலிருந்து ஒரு அக்கா: பட்டுப்புடவை, மல்லிகைப்பூ எல்லாம் வைத்துக்கொண்டு வரலாமா?

புடவை தாராளமாக. பூ மட்டும் வேண்டாம் அக்கா. சென்ட், அத்தர், மல்லிகை எதுவாக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்கு ஒயின் வாசமே எட்டாது.

பெங்களூரிலிருந்து: எந்த மாதம் நல்லது?

மார்ச். அறுவடை பிப்ரவரியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நடக்கும். கூடை கூடையாகத் திராட்சை வருவதையும் நொதிக்கும் வாசனையையும் அப்போதுதான் அனுபவிக்கலாம். ஏப்ரல் கடைசியில் இலை மஞ்சளாகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி மொட்டையாக நிற்கும், ஆனால் கூட்டம் இல்லை, கணப்பு எரியும், ஊற்றுபவருக்குப் பேச நேரம் இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். வார நடுவில் சில சிறிய எஸ்டேட்டுகள் திறப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜனவரியில் வருகிறவர்கள் வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள்.

சிட்னியிலிருந்து: கடையில் பத்து டாலருக்கு ஒயின் கிடைக்கிறது. அங்கே நாற்பது டாலர். வாங்காமல் வந்தால் மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. சுவைக் கட்டணம் கொடுத்துவிட்டீர்கள், கணக்கு முடிந்தது. பாட்டில் வாங்கினால் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிற இடங்களும் உண்டு. நான் சொல்வது: பெரிய கடையில் கிடைப்பதை எஸ்டேட்டில் வாங்காதீர்கள், அங்கே மட்டும் கிடைப்பதை ஒரு பாட்டில் வாங்குங்கள். டிப்ஸும் இங்கே கட்டாயமில்லை.

மறுபடியும் கோவை அம்மா: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்? விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்களாமே?

இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு போகும், மூன்றாவது தாண்டிவிடும். கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும். பழைய பருத்திப் புடவையில் சுற்றி நடுவில் வையுங்கள்.

வரி திரும்புவது உண்மை. ஒரே நிறுவனத்திடம் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கி, 60 நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சரக்கு சேவை வரியோடு, ஒயினுக்கு மட்டும் இருக்கும் தனி வரியில் விலையில் 14.5 சதவீதமும் கிடைக்கும். பெட்டியில் போடுவதால், செக்-இன் செய்வதற்கு முன்பே பில்லையும் பாட்டிலையும் எல்லைப் படை அலுவலகத்தில் காட்டிவிட வேண்டும். ஆனால் நீங்களே கணக்குப் போடுங்கள் அம்மா: இரண்டு பாட்டிலில் 300 டாலரைத் தொட வேண்டுமானால் ஒரு பாட்டில் 150 டாலர். வரியைத் திரும்ப வாங்குவதற்காக அதை வாங்காதீர்கள்.