வில்லன் எதை உடுத்துகிறான்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் காமிக்ஸ் கதாநாயகர்களின் உடைகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, ‘வில்லன்களை மறந்துவிட்டீர்களே’ என்று உரிமையோடு கடிந்துகொண்டு பலர் எழுதியிருந்தனர். நியாயமான கோபம்தான். அக்கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, காமிக்ஸ் வில்லன்களுள் யாருடைய உடை உங்களுக்கு மிகவும் பிடித்தது? ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும், மழுப்பக் கூடாது.

டாக்டர் டூம். 1962ஆம் ஆண்டு ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரின் ஐந்தாம் இதழில் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் அறிமுகப்படுத்திய இந்த மன்னனின் (அவன் ஆள்வது லாட்வீரியா என்ற கற்பனை நாடு) உடை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படையில் மாறவில்லை. மாற்றிப் பார்த்த ஓவியர்கள் சிலர் உண்டு. ஆனால் எல்லா மாற்றங்களும் நாளடைவில் பழைய பச்சை அங்கிக்கே திரும்பிவிட்டன.

அந்த உடையைச் சற்று அருகில் சென்று பாருங்கள். உள்ளே தலை முதல் கால் வரை சாம்பல் நிறத் தகட்டுக் கவசம். அதன் மேல் முழங்காலுக்குச் சற்று மேலே முடியும் பச்சைத் துணி அங்கி. தலையை மூடும் முக்காடு. தோளிலிருந்து தொங்கும் மேலங்கியைப் பிடித்துக்கொள்ளப் பொன்னிறத்தில் இரண்டு வட்ட வில்லைகள். முகமூடியின் ஓரங்களில் தறையாணிகளின் தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. கண்களுக்கு இரண்டு சதுரத் துளைகள், வாய்க்குக் கம்பி வைத்தாற்போன்ற ஒரு பிளவு, அவ்வளவுதான். இரும்பு முகம் சிரிக்காது, சுளிக்காது. ஆகவே டூமின் கோபத்தையும் கர்வத்தையும் அந்தத் துளைகளுக்குள் தெரியும் கண்களாலும், எப்போதும் எதையோ நசுக்கப் போவதைப்போல விரியும் இரும்பு விரல்களாலும், துணியின் மடிப்புகளாலும்தான் ஓவியர் காட்டியாக வேண்டும். இரும்பின் மேல் துணி என்ற இந்தச் சேர்க்கைதான் என்னைக் கட்டிப்போடுகிறது. கவசம் மட்டும் இருந்திருந்தால் அவன் ஓர் இயந்திரமாகத் தெரிந்திருப்பான். முக்காடு மட்டும் என்றால் துறவியாக. இரண்டும் சேரும்போது மடாலயத்திலிருந்து இறங்கிவந்த கொடுங்கோலன் ஒருவன் நம் முன் நிற்கிறான்.

இன்னொன்றும் உண்டு. முகமூடிக்குப் பின்னால் கோரமான முகம் இருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். கிர்பியோ அங்கே ஒரு சிறு தழும்பு மட்டுமே இருக்கலாம் என்று கருதினார். தன் முகத்தில் ஒரு சிறு குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாத அகம்பாவம்தான் அந்த முகமூடியைப் போட வைத்தது என்பது அவர் எண்ணம். பின்னால் இத்தொடரை எழுதி வரைந்த ஜான் பைர்ன் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்: உலையிலிருந்து எடுத்த முகமூடி ஆறுவதற்குள் டூம் அவசரமாக அணிந்ததால்தான் முகம் உண்மையிலேயே வெந்துபோனது என்று காட்டினார். ஒரு மனிதனின் குணம் முழுவதையும் ஒரு தகட்டில் அடக்கிவிட்ட வேறு உடை எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: வில்லன் என்றாலே பச்சை அல்லது ஊதாதானா? இதற்கு ஏதாவது காரணம் உண்டா, அல்லது தற்செயலா?

பாதி அச்சகம், பாதி கண். முதலில் அச்சகத்தைச் சொல்கிறேன். அக்காலத்து அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சாயின. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று வண்ண மைகளும் கோடுகளுக்குக் கறுப்பும் மட்டுமே கைவசம் இருந்தன. ஒவ்வொரு வண்ண மையையும் முழுதாகவோ, 50 சதவீதமாகவோ, 25 சதவீதமாகவோ இடலாம், இடாமலும் விடலாம். நான்கு நிலைகள், மூன்று மைகள் என்றால் மொத்தம் 64 வண்ணங்கள். அவற்றுள்ளும் பல, மையை உறிஞ்சும் அந்தத் தாளில் சேறாகத்தான் தெரிந்தன. சாம்பல் நிறம் எவ்வளவு தொல்லை தந்தது என்பதற்கு ஹல்க்கே சாட்சி: 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்தவர், அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறி அச்சானதால் இரண்டாம் இதழில் பச்சையாகிவிட்டார்.

ஆக, பளிச்சென்று தெரியும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் கதாநாயகர்களுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்த பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் எதிராளிக்கு வந்தன. இனி கண்ணின் பங்கு. சிவப்புக்கு நேர் எதிரில் நிற்கும் நிறம் பச்சை. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். சிவப்பும் நீலமும் அணிந்த ஸ்பைடர்மேனுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த எதிரிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். வல்ச்சர் பச்சை, டாக்டர் ஆக்டோபஸ் பச்சை, லிசார்ட் பச்சைத் தோலும் ஊதாக் கால்சட்டையும், எலக்ட்ரோ பச்சையும் மஞ்சளும், மிஸ்டீரியோ பச்சை உடையும் ஊதா மேலங்கியும், கிரீன் காப்ளினுக்கோ பெயரிலேயே பச்சை. சிறப்பு உடை எதுவும் இல்லாமல் சாதாரணச் சட்டை அணிந்து வந்த சேண்ட்மேனின் சட்டையில்கூடப் பச்சைக் கோடுகள்தான்! சண்டைக் காட்சியில் கைகால்கள் எவ்வளவு பின்னிக்கிடந்தாலும் யாருடைய கால் எது என்பதில் வாசகருக்குக் குழப்பமே வராது.

விதிவிலக்கு என்று கேட்டால் மேக்னிட்டோவைச் சொல்வேன். 1963இல் அவர் எதிர்த்த எக்ஸ்-மென் குழுவினர் அனைவரும் மஞ்சளும் கருநீலமுமான ஒரே சீருடையில் இருந்தார்கள். சிவப்பு யாருடையதாகவும் இல்லாமல் கிடந்தது, அவர் எடுத்துக்கொண்டார்.

கேள்வி: சிறப்பு உடையே இல்லாமல் கோட்டும் சூட்டுமாக வரும் வில்லன்கள் இந்தப் பட்டியலில் சேருவார்களா?

தாராளமாக. கோட்டும் ஓர் உடைதானே! கிங்பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் ஸ்பைடர்மேன் தொடரின் 50ஆம் இதழில் ஜான் ரொமிட்டா வரைந்தபோதே வெள்ளைக் கோட்டு, மொட்டைத் தலை, கைத்தடி, கழுத்துத் துணியில் வைர ஊசி என்று தோற்றம் முடிவாகிவிட்டது. இரவில் நடக்கும் குற்றங்களின் தலைவன் பளீரென்ற வெள்ளையில் வருவது சாதாரணத் துணிச்சல் அல்ல. ‘நான் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை’ என்று ஊருக்குச் சொல்லும் வெள்ளை அது. 1986இல் பில் சின்கெவிச் வரைந்த ஒரு டேர்டெவில் கதையில் இந்த உருவம் உச்சத்தைத் தொட்டது. அதில் கிங்பின் படக் கட்டத்துக்குள் நிற்பதில்லை, அவரே கட்டமாகிவிடுகிறார். பக்கம் முழுவதும் உடலாகவும் உடுப்பாகவும் விரிந்து கிடக்க, மேலே ஓர் ஓரத்தில் சிறு தலை. உடற்கூற்றின்படி அப்படி ஒரு மனிதர் இருக்கவே முடியாது, ஆனால் அச்சத்தின் கணக்கில் அளவு மிகச் சரி.

சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரையும் சொல்லாமல் விட முடியாது. 1940இல் அறிமுகமானபோது அவருக்குச் செந்நிறத் தலைமுடி இருந்தது. மறு ஆண்டே மொட்டையாகிவிட்டார், அதுவும் ஓவியரின் தவறால் நேர்ந்தது என்பார்கள். தவறோ இல்லையோ, அந்த மொட்டைத் தலை இல்லாத லூதரை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

கேள்வி: கிரகங்களையே விழுங்க வரும் காலக்டஸ், ஊதா நிறத் தலைக்கவசமும் குட்டைப் பாவாடையும் அணிந்து வருவது சிரிப்பாக இல்லையா?

இருக்கிறது. 1966இல் முதன்முதலாக வந்தபோது மார்பில் ‘ஜி’ என்ற எழுத்தையும் பொறித்துக்கொண்டு வந்தார். கிரகம் தின்னும் ஒருவருக்குப் பெயரின் முதலெழுத்து எதற்கு என்பது எனக்கும் இன்றுவரை புரியவில்லை. ஒவ்வோர் இனத்தவருக்கும் அவர் தத்தம் இனத்தின் உருவில்தான் தெரிவார், நாம் காண்பது மனிதக் கண்ணின் கற்பனையே என்று பைர்ன் பின்னால் ஒரு சமாதானம் சொன்னார். அதன்படி பார்த்தால் அந்தப் பாவாடைக்கு நாம்தான் பொறுப்பு.

கேள்வி: வெனம் அணிந்திருக்கும் கறுப்பு உடையைக் கற்பனை செய்தவர் ஒரு வாசகர் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் கதையின் தொடக்கம் மட்டுமே அது. ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கொடுக்கலாம் என்ற யோசனையை ஒரு வாசகர் எழுதி அனுப்ப, மார்வெல் நிறுவனம் அதை 220 டாலருக்கு வாங்கியது. அவர் சொன்ன கறுப்பில் சிவப்புச் சிலந்தி இருந்தது. 1984இல் அச்சேறியபோது அது வெள்ளைச் சிலந்தியாக, கால்களை மார்பிலிருந்து முதுகு வரை நீட்டிக்கொண்டு வந்தது. அப்போது அது கதாநாயகனின் உடை என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய உடையின் வலைக்கோடுகளை ஒவ்வொரு கட்டத்திலும் இழை இழையாக இழுத்துக் கை ஓய்ந்த ஓவியர்களுக்கு, மையை ஊற்றிவிட்டுச் சிறு வெளிச்சக் கோடுகளோடு முடிக்கக்கூடிய இந்த உடை பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த உடைக்கே உயிர் உண்டு என்றும், அது கழற்றி எறியப்பட்ட கோபத்தோடு வேறொருவனைப் பற்றிக்கொண்டது என்றும் கதை வளர்ந்து, 1988இல் ஸ்பைடர்மேன் தொடரின் 300ஆம் இதழில் டாட் மெக்ஃபார்லேனின் கையில் வெனம் முழு உருவம் பெற்றது. அவர் வெள்ளைச் சிலந்தியை அப்படியே வைத்துக்கொண்டு, உடலைப் பருக்க வைத்து, வாயைக் காது வரை கிழித்துப் பற்களை அடுக்கினார். இதில் உள்ள நுட்பம் இதுதான்: நாயகன் உதறிய உடையே வில்லனாகி எதிரில் நிற்கிறது. மற்ற வில்லன்கள் நிறத்தில் மாறுபட்டு அச்சமூட்டுகிறார்கள், இவனோ ஒத்திருந்து அச்சமூட்டுகிறான். பிற்காலத்தில் சேர்ந்த நீள நாக்கும் வழியும் எச்சிலும் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. மூடிய வாயோடு நிற்கும் வெனம்தான் அதிகம் பயமுறுத்துகிறான் என்பது என் கட்சி.

கேள்வி: ஜோக்கரை நீங்கள் முதலில் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. ஏன்?

பேட்மேனின் எதிரியான ஜோக்கரிடம் உடையைவிட முகமே பெரியது. 1928ஆம் ஆண்டின் ஊமைப்படம் ஒன்றில், இளித்தபடி உறைந்துபோன வாயோடு நடித்த கான்ராட் வெய்ட்டின் ஒளிப்படமும், சீட்டுக்கட்டின் ஜோக்கர் சீட்டும் சேர்ந்து 1940இல் பிறந்த முகம் அது. பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் ஆகிய மூவருள் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை அவர்கள் காலத்திலேயே தீரவில்லை. ஊதாக் கோட்டைக் கழற்றிவிட்டு மருத்துவமனை அங்கியை மாட்டினாலும் அவன் ஜோக்கர்தான். டூமுக்கு அது நடக்காது.

உடை என்று பார்த்தால் ஜோக்கரைவிட அவன் கூட்டாளி ஹார்லி குவின்னுக்கே என் வாக்கு. 1992இல் தொலைக்காட்சி அனிமேஷன் தொடருக்காக பால் டினி படைத்து புரூஸ் டிம் வடிவமைத்தது அவள் உருவம். ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டியிருந்ததால் கோடுகள் குறைவு. பழைய இத்தாலிய மேடைக் கோமாளியின் சாய்சதுரங்களில் ஒரு சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச உடலைச் சிவப்பும் கறுப்புமாக வகுத்திருக்கிறார். இடப்புறம் கறுப்பு என்றால் வலப்புறம் சிவப்பு. தொடைக்கு வந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அவளை அடையாளம் கண்டுகொள்ளலாம். பிற்காலத்தில் வந்த கிழிந்த பனியனும் குட்டைக் கால்சட்டையும் இந்தக் கணக்கை முழுவதுமாகக் கைவிட்டுவிட்டன. அவை விற்றன என்பது வேறு விஷயம்.

கேள்வி: பதினொரு வயதாகும் என் மகன் சொந்தமாக வில்லன்களை வரைகிறான். ஒவ்வொருவருக்கும் சங்கிலி, கொம்பு, முள், நான்கு வாள், பத்துப் பை என்று அடுக்கிக்கொண்டே போகிறான். என்ன சொல்லித் திருத்துவது?

திருத்த வேண்டாம் அம்மா, பதினொரு வயதில் நான்கு வாள் குறைவுதான். தொழில்முறை ஓவியர்களே 1990களில் பைகளாலும் பட்டைகளாலும் உடம்பை மூடித் தள்ளினார்கள். ஆனால் ஒரு சோதனையை விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். தான் வரைந்த வில்லனைக் கட்டைவிரல் நகத்தளவுக்கு மீண்டும் வரைந்து, உள்ளே முழுவதும் கறுப்பு மையால் நிரப்பச் சொல்லுங்கள். அந்தக் கறையைப் பார்த்து நீங்கள் ஆளைச் சொல்லிவிட்டால் வில்லன் தேறிவிட்டான். பிறகு அதே உருவத்தைப் பின்னாலிருந்தும், ஓடுவதைப்போலவும், உட்கார்ந்திருப்பதைப்போலவும் வரையச் சொல்லுங்கள். 22 பக்க இதழ் ஒன்றில் ஒரே உருவத்தை நூறு தடவைக்கு மேல்கூட வரைய நேரிடும் என்பதால், எந்தச் சங்கிலி வேண்டும், எந்தச் சங்கிலி வேண்டாம் என்பதை அவன் கையே முடிவு செய்துவிடும்.

அதன் பிறகு, கூலிக்குக் கொல்லும் வில்லனான டெத்ஸ்ட்ரோக்கின் முகமூடியைக் காட்டுங்கள். 1980இல் ஜார்ஜ் பெரெஸ் வரைந்தது. ஒரு பாதி ஆரஞ்சு, அதில் கண்ணுக்குத் துளை. மறு பாதி வெறும் கறுப்பு, துளையே கிடையாது. அவனுக்கு ஒரு கண் இல்லை. அந்தக் குறையை மறைக்க முகமூடி போட்டவன், அதே முகமூடியில் அதை ஊரறியக் காட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறான். உங்கள் மகனிடம், ‘உன் வில்லனுக்கு எங்கே அடிபட்டது?’ என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அவன் பதில் சொல்லத் தொடங்கினால், ஒரு வாளாவது தானாகக் கீழே விழும்.